ஒலிக்கருவியும் அளவைச் சான்றும்



துணிக்கடையில் நாம் அளவுகோலைக் கவனிக்கிறோம். அரிசிக் கடையில் தராசின் முள்ளைக் கவனிக்கிறோம். கோலும் எடைக்கல்லும் சரியானவை என்பதற்கு அரசாங்க முத்திரை உண்டு. ஐயம் தோன்றினால் வீட்டிற்கு வந்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒலியைத் தரும் கருவி ஒன்றை வாங்கச் செல்பவனுக்கு எந்தக் கோல் உண்டு? எந்தக் கல் உண்டு? “என் காது இருக்கிறதே” என்று நீங்கள் சொல்லலாம். காது நல்ல துணைதான். ஆயினும் கடையின் இரைச்சலுக்கு நடுவே, ஐந்து நிமிட நேரத்தில், அது எளிதில் ஏமாறும். இரண்டு கருவிகளுள் சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ, அதுவே சிறந்தது என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும். விற்பவர்களுக்கு இந்த இரகசியம் நன்றாகத் தெரியும்.

ஆகவேதான், ஒலிக்கருவிகளைச் செய்வோர் தம் கருவியின் ஆற்றலை அளந்து, அந்த அளவுகளை யாவரும் காண வெளியிடுவது என்னும் வழக்கம் தோன்றியது. அந்த வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, எங்கே வழுவியது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். எண்ணைச் சொல்வது மட்டும் அளவை ஆகாது. அந்த எண் எந்த நிபந்தனையில் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே அளவை. நிபந்தனையற்ற எண் வெறும் விளம்பரம். நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மெல்லிய மின்குறிப்பை வலிமையுள்ளதாக ஆக்கித் தருவது மின்பெருக்கி. இதனை ஆம்ப்ளிபயர் என்று வழங்குகிறோம். அந்த மின்சாரத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றி நம் செவிக்கு அனுப்புவது ஒலிபெருக்கி. இதனை ஸ்பீக்கர் என்கிறோம். மின்பெருக்கியைப் பற்றி முக்கியமாக இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு திறனை அது தரும்? தரும்போது ஒலியின் உருவத்தைக் கெடுக்காமல் தருமா?

உருவம் கெடுவதைத் திரிபு என்பர். விநாடிக்கு 1000 முறை அதிரும் தூய சுரம் ஒன்றை மின்பெருக்கிக்குள் செலுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறையற்ற கருவியானால் அதே சுரம் பெரிதாகி வெளிவர வேண்டும். உண்மையில் 2000, 3000 என்னும் அதிர்வெண்களுடைய மேற்சுரங்களும் சிறிதளவு சேர்ந்து வருகின்றன. நாம் கொடுக்காத இவற்றைக் கருவி தானே கலந்துவிட்டது. பால்காரர் கலந்த நீரைப் போன்றது இது. மூலச் சுரத்தோடு ஒப்பிட்டு, இக்கலப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் திரிபின் அளவு கிடைக்கும்.

1945ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஹரால்ட் லீக் என்பவர் ஒரு மின்பெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் திரிபு நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கே, அதாவது 0.1 விழுக்காடே, என்று அறிவித்தார். அந்த எண்ணையே கருவியின் பெயராகவும் சூட்டி, ‘பாயின்ட் ஒன்’ என்று அழைத்தார். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்னும் திரிபையே பெருமையாகக் கருதிய காலம் அது. பிரிட்டனின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் அந்தக் கருவியை அளந்து, அறிவித்த எண் மெய்யே என்று உறுதி செய்தது.

இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் ஆங்கில ஏட்டில் டி. டி. என். வில்லியம்சன் என்ற பொறியியல் வல்லுநர் ஒரு கட்டுரை எழுதினார். 15 வாட் திறனும் 0.1 விழுக்காட்டிற்கும் குறைந்த திரிபும் உடைய மின்பெருக்கி ஒன்றின் முழு மின்சுற்றையும், அதை அளந்த முறையையும், கிடைத்த அளவுகளையும் அதில் வெளியிட்டார். மறைத்து வைக்கவில்லை. விரும்பியவர் எவரும் அதைச் செய்து பார்க்கலாம், அளந்தும் பார்க்கலாம். பல நாடுகளில் பல்லாயிரவர் அவ்வாறே செய்தனர். கருவியின் புகழுக்கு அதன் ஒலி மட்டும் காரணமன்று. சொன்னதைப் பிறர் சோதிக்கும்படி திறந்து வைத்ததும் ஒரு காரணம்.

இத்தகைய நல்ல தொடக்கம் உடைய வழக்கம் பிற்காலத்தில் எப்படி வழுவியது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். கரும்பலகையில் எழுதுவதுபோல் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மின்பெருக்கி தொடர்ந்து 50 வாட் திறனைத் தூய்மையாகத் தரும் என்க. இஃது சராசரித் திறன். சுரத்தின் அலை மேலே ஏறி உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் மட்டும் திறன் இதைப்போல் இருமடங்காக இருக்கும். ஆகவே “உச்சத் திறன் 100 வாட்” என்று எழுதலாம். கருவியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பெருக்கிகள் உள்ளன. இரண்டையும் கூட்டி “200 வாட்” என்று எழுதலாம். 8 ஓம் மின்மறுப்புள்ள ஒலிபெருக்கிக்குப் பதிலாக 4 ஓம் உள்ளதை இணைத்தால், அதே மின்னழுத்தத்தில் இருமடங்கு மின்னோட்டம் பாயும். திறனும் ஏறத்தாழ இருமடங்காகும். இப்போது “400 வாட்” என்று எழுதலாம். திரிபு நூற்றுக்குப் பத்து வரையில் இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால் இன்னும் கொஞ்சம் சேரும். ஐம்பது நானூறைத் தாண்டிவிட்டது! வழியில் எங்கேனும் பொய் சொன்னோமா? ஒரு படியிலும் சொல்லவில்லை. ஆனால் முடிவாக அட்டைப்பெட்டியின்மேல் அச்சாகி நிற்பது பெரும் பொய். ஒவ்வொரு படியிலும் நிபந்தனையை மாற்றினோம். மாற்றியதை வாங்குபவனுக்குச் சொல்லவில்லை. பொய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

1990களில் நம் நாட்டுக் கடைகளில் அடுக்கியிருந்த ஒலிநாடாக் கருவிகளின் முகப்பில் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளும், அவற்றின் அருகே மிகப் பெரிய வாட் கணக்கும் மின்னிக்கொண்டிருந்ததை உங்கள் பெற்றோர் நினைவுகூர்வர். உச்ச இசைத் திறன் என்பது அதன் பொருளாம். அதை எவ்வாறு அளப்பது என்பதற்குப் பொது விதி ஒன்றும் இல்லை. ஆகவே செய்பவர் மனம்போல் எழுதினார்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஆண்டு விழாவிற்கென்று பெற்றோர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அத்தகைய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். முகப்பில் 1000 வாட் என்று பொறித்திருந்தது. விழாவன்று பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பிள்ளைகளின் பாட்டுக் கேட்கவில்லை. ஒலியை உயர்த்தினால் குரல் கரகரத்தது. மறுநாள் அதைத் துடைத்து வைத்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பின்புறத் தகட்டைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். “ஐயா, இது வாங்கிக்கொள்ளும் மின்சாரம் 40 வாட் என்று போட்டிருக்கிறது. நாற்பது வாங்கி ஆயிரம் கொடுக்குமா ஐயா?” என்று கேட்டாள்.

ஆற்றல் அழிவின்மை விதியை அவள் தேர்வுக்காக மட்டும் படிக்கவில்லை என்பது அன்று தெரிந்தது. கருவிக்குள் உள்ள மின்தேக்கிகள் மாடியின்மேல் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் போன்றவை. சிறு குழாயால் மெல்ல நிரம்பிய தொட்டியிலிருந்து ஒரு கணம் வேகமாக நீரைத் திறந்துவிடலாம். ஆனால் நாள் முழுவதும் அந்த வேகத்தில் நீர் பாய்ச்ச முடியாது. வாங்கும் திறனைவிட மிகுதியான திறனைத் தொடர்ந்து தரும் கருவியை எவராலும் செய்ய இயலாது. முகப்பில் இருந்த எண் விற்பதற்காக எழுதியது. பின்புறத் தகட்டில் இருந்த எண் விதிக்குக் கட்டுப்பட்டு எழுதியது. விழாவன்று பிள்ளைகளின் பாட்டைக் கேளாமல் வீடு திரும்பிய பெற்றோர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் பாடநூல் விஷயம் அன்று.

இதே தொல்லை அமெரிக்காவில் 1960களிலேயே முற்றிவிட்டது. உச்சத் திறன், இசைத் திறன் என்று ஆளுக்கு ஒரு கணக்காக விளம்பரம் செய்தனர். நேர்மையாக அளந்து சிறிய எண்ணை எழுதியவர் நட்டமடைந்தார். ஆகவே அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வீட்டு மின்பெருக்கியின் திறனை விளம்பரம் செய்வோர் தொடர்ச்சியான சராசரித் திறனையே கூற வேண்டும். எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன், எத்தனை ஓம் மறுப்பில் அளந்தது என்பதையும் கூற வேண்டும். இரண்டு பக்கப் பெருக்கிகளும் ஒருங்கே இயங்கும்போது அளக்க வேண்டும். அளக்கும் முன், கருவியை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும் என்றும் அன்றைய விதி கூறியது. வியர்த்துக் களைத்த ஓட்டக்காரனை அளப்பது போன்றது இது. பல கருவிகளின் வீரம் அந்த ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

ஆனால் அந்த விதியிலும் ஓர் இடைவெளி இருந்தது. நிபந்தனைகளைச் சொல்ல வேண்டும் என்றதே தவிர, எல்லாரும் ஒரே நிபந்தனையில் அளக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அவரவர் தமக்கு ஏற்ற எல்லையைத் தேர்ந்துகொண்டனர். 2024ஆம் ஆண்டில் ஆணையம் விதியைத் திருத்தி, 8 ஓம் மறுப்பில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையில், ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்த திரிபுடன் அளந்த திறனைக் கூற வேண்டும் என்று வரையறுத்தது. ஒரே மரக்காலால் அளந்தால்தானே இரண்டு களத்து நெல்லை ஒப்பிட முடியும்?

சரியாக அளந்த எண்ணாயினும் அதை எடைபோடத் தெரிய வேண்டும். 50 வாட் கருவியைவிட 100 வாட் கருவி இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைப்பது இயல்பு. நம் செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். அது சற்று உரத்தது என்று தோன்றும், அவ்வளவே. இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். அன்றியும், ஒரே மின்சாரத்திற்கு ஓர் ஒலிபெருக்கி 84 டெசிபலும் மற்றொன்று 90 டெசிபலும் ஒலிக்கலாம். அந்த 6 டெசிபல் வேறுபாடு மின்பெருக்கியின் திறனை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்குபவன் பாதிக் கதையையே படித்தவன்.

எண்ணால் வரும் இன்னொரு தீங்கும் உண்டு. 1970களில் திரிபைக் குறைப்பதில் உற்பத்தியாளர்களிடையே பெரும் போட்டி மூண்டது. புள்ளிக்குப் பின் சுழிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நிலையான சுரத்தை வைத்து அளக்கும்போது எண் அழகாக வந்தது. ஆனால் இசை நிலையான சுரமா? மிருதங்கத்தில் விழும் அடியைப்போல் திடீரென எழுந்து அடங்குவது அன்றோ இசை? திடீர் ஒலி எழும்போது சில மின்பெருக்கிகள் தடுமாறி வேறு வகைத் திரிபை உண்டாக்குகின்றன என்பதைப் பின்லாந்து நாட்டு மாட்டி ஓட்டலா 1970ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கியிருந்தார். தேர்வில் வரும் கேள்விக்கு மட்டும் படிக்கும் மாணவனை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவனுடைய மதிப்பெண் பொய்யன்று. ஆனால் கேள்வியை மாற்றினால் திகைப்பான். கருவிகளும் அப்படியே. இதற்கு மருந்து தேர்வை ஒழிப்பது அன்று. நல்ல கேள்விகளைச் சேர்ப்பது.

இனி ஒலிபெருக்கிக்கு வருவோம். பெட்டியின்மேல் “20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை” என்று எழுதியிருக்கக் காண்பீர்கள். மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லை முழுவதும் அதில் அடங்கிவிட்டது. ஆனால் 20 ஹெர்ட்ஸில் அதன் ஒலி எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதை அது சொல்வதில்லை. சுரங்களுக்கிடையே 3 டெசிபலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இல்லை என்று சேர்த்து எழுதினால்தான் அந்த வாக்கியத்திற்குப் பொருள் உண்டாகும். எல்லாவற்றினும் மேலானது, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒலி எவ்வளவு என்று காட்டும் வரைகோட்டையே வெளியிடுவது.

அவ்வாறு வெளியிட்டவர்களுள் மறக்கத் தகாதவர் எட்கர் வில்ச்சர். அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவையும் ஒலி மீட்பையும் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியர். 1954ஆம் ஆண்டில், தம்மிடம் பயின்ற ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ‘அக்கூஸ்டிக் ரிசர்ச்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, தாழ்ந்த சுரங்களை மிகக் குறைந்த திரிபுடன் தரும் ஒலிபெருக்கியை அவர் செய்தார். அறைக்குள் அளந்தால் சுவர்களின் எதிரொலி கலந்துவிடும். ஆதலின் பெட்டியை முகம் மேல்நோக்கத் திறந்த வெளியில் நிலத்தில் புதைத்து வைத்துத் தாழ்ந்த சுரங்களை அளக்கும் முறையைக் கையாண்டனர். கிடைத்த வரைகோடுகளை, மேடுபள்ளங்களோடு, அந்நிறுவனம் வெளியிட்டது.

அதனோடு அவர் நின்றுவிடவில்லை. 1950களின் இறுதியிலிருந்து ‘ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட்’ என்னும் நால்வர் குழுவினரை மேடையில் அமர்த்திப் பல ஊர்களில் சோதனை நடத்தினார். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடையில் வில்லை நரம்பில் படாமல் அசைப்பர். ஒலிபெருக்கி பதிவு செய்த இசையைத் தொடரும். எப்போது மாறியது என்று அவையோரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோரால் இயலவில்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தில் அந்நிறுவனம் ஓர் அறையும் நடத்திற்று. யாரும் உள்ளே சென்று கேட்கலாம். ஆனால் அங்கே விற்பனை கிடையாது. அளவையும் செவியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் கொள்கை. பிற்காலத்தில் செவிப்புலன் குறைந்தோர்க்கான கருவியில் அவர் கண்ட புதிய முறைக்குக் காப்புரிமை பெறாமல், எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்.

“எண்களால் இசையின்பத்தை அளக்க முடியுமா?” என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. அதற்குச் சோதனையால் விடை தேடியவர் கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல். ஒட்டாவா நகரத்து ஆய்வுக்கூடத்தில், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலியின் உரப்பைச் சமமாக்கி, எது எதுவென்று அறியாத நிலையில் கேட்போரை மதிப்பிடச் செய்தார். 1985, 1986ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். கேட்போர் விரும்பியவற்றை எதிரொலியற்ற அறையில் அளந்தபோது, அவற்றின் வரைகோடுகள் சமமாகவும் வழவழப்பாகவும் இருந்தன. நேர் எதிரே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அவ்வாறே இருந்தன. அளவையும் இரசனையும் பகைவர்கள் அல்லர் என்பது விளங்கியது. 1994ஆம் ஆண்டில் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு வேடிக்கையானது. திரையை விலக்கி ஒலிபெருக்கிகளைக் காட்டியவுடன் அதே மனிதர்களின் மதிப்பீடு மாறியது. பெட்டியின் பருமனும் நிறுவனத்தின் பெயரும் செவிக்குள் புகுந்துவிட்டன!

இவ்வாராய்ச்சியின் பயனாக, ஒலிபெருக்கியை அளப்பதற்கு அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டில் ஒரு பொது முறை வகுக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பட்டது. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பத்துப் பத்துப் பாகை சுற்றி, 70 திசைகளில் அளந்து, ஒரே படத்தில் காட்டுவது அம்முறை. அதன்படியோ அதையொத்த முறைகளாலோ அளந்து வரைகோடுகளை வெளியிடும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கருவி செய்யும் ஜெர்மனியின் நாய்மன், பின்லாந்தின் ஜெனலெக் ஆகியவை அவற்றுள் சேர்ந்தவை.

இவ்வாறு வெளியிடுவதனால் உற்பத்தியாளர்க்கு என்ன இலாபம்? தம் கருவியின் குறையையும் அல்லவா காட்டிக்கொடுக்கிறார்? ஆம், அதனால்தான் அதற்கு மதிப்பு. “தேன்போல் இனிக்கும் ஒலி” என்று எழுதுபவரை யாரும் மறுக்க முடியாது. ஆகவே அவர் எதற்கும் பொறுப்பாளி அல்லர். “இந்த நிபந்தனையில் இந்த அளவு” என்று எழுதுபவரோ, தம்மைப் பொய்யராக்கும் கோலைத் தாமே நம் கையில் கொடுக்கிறார். உலகின் எந்த மூலையிலும் அளவுகருவி உள்ள ஒருவர் அதைச் சோதிக்கலாம். விஞ்ஞானத்தின் அறமும் இதுவே. சோதிக்க இடங்கொடாத உரிமைப் பேச்சு விஞ்ஞானத்தில் செல்லாது; வாணிகத்திலும் செல்லலாகாது.

மாணவர்களே, எந்த இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கருவியும் எந்த விதியும் ஆணையிட முடியாது. அது உங்கள் உள்ளத்தின் உரிமை. ஆனால் கருவி தான் சொன்னதைச் செய்கிறதா என்பது இரசனையைச் சேர்ந்த கேள்வி அன்று. உண்மையைச் சேர்ந்த கேள்வி. அடுத்த முறை ஒரு பெரிய எண்ணைக் கண்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை அளந்தவர் யார்? எவ்வாறு அளந்தார்? எந்த நிபந்தனையில் அளந்தார்? வேறொருவர் அளந்தாலும் இதே விடை வருமா? இக்கேள்விகள் ஒலிக்கருவியோடு நிற்பவை அல்ல. மருந்துப் புட்டியின் முன்னும், உரமூட்டையின் முன்னும், உங்கள் வாக்கை நாடி வருவோரின் முன்னும் இவற்றைக் கேட்கலாம். விடை சொல்லத் தயங்குபவரிடம் நம் பணத்தைக் கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.